இரண்டு மொட்டைத் தலைகளும் என் ஸ்டெதஸ்கோப்பும்

உடன் வேலை பார்த்த நர்சுகளின் பழைய வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ஒருத்தி கையில் வட்டமாக ஒரு கருவியும் செல்போனுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கருவியைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தால் போதுமாம். இதயத்தின் சத்தம் செல்போன் திரையில் அலை அலையாக ஓடுமாம். சந்தேகமான இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுமாம். படத்துக்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது, பேசாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கலாம். ஆனால் என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. "நல்ல மிஷின்தான். ஆனா நான் ஏமாந்த மாதிரி அதுவும் ஏமாறாம இருக்கணும்" என்று தட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். "என்ன அக்கா சொல்றீங்க", "நீங்களா, ஏமாந்தீங்களா", "முழுசா எழுதுங்க அக்கா" என்று பிடித்துக்கொண்டார்கள். ஒற்றை விரலால் செல்போனில் தட்டித் தட்டி இவ்வளவையும் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அதனால் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. எல்லாருக்கும் ராணி சிஸ்டர். ஊர் திருவள்ளூர். நர்சிங் படித்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விடுதிச் சாம்பாரையும் மேட்ரனையும் திட்டிக்கொண்டே முடித்தேன். பிறகு பிரசவ வார்டில் பதினேழு வருடம். முட்டி தேய்ந்துபோய், "உக்காந்து பாக்கிற வேலையா ஏதாவது குடுங்க" என்று மேலே கேட்டேன். சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வேனில் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் குழுவில் போட்டுவிட்டார்கள். நான் உட்கார்ந்தது வேனில் மட்டும்தான்.

உயரம், எடை, கண், பல், காது என்று எல்லாம் பார்ப்போம். ஆனால் எங்கள் உயிர் இருந்தது இதயத்தில். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகள் சிலர் வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் வளருவார்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் அரசுக் காப்பீட்டிலேயே சரிசெய்துவிடலாம். கண்டுபிடிப்பது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு வருடக்கணக்கில் வீடு தேடிப்போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை.

குழுவுக்குத் தலைவர் டாக்டர் வாசுகி. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் "ராணி, இங்க வாம்மா" என்பார். "நீங்க", "உங்க" என்று ஆரம்பித்துவிட்டால் வேனில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். டிரைவர் ஏழுமலைகூட ரேடியோவை நிறுத்திவிடுவார்.

வகுப்புக்குள் போனதும் டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அடுத்து மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். டீச்சர்களுக்கு அது பிடிக்காது, ஆனால் அவரிடம் யார் வாயைத் திறப்பது. பிறகு ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடுபண்ணுவார். "சில்லுனு வச்சா புள்ள மூச்சப் புடிச்சிக்கும். அப்புறம் நீ எதக் கேப்ப?" என்பார். நகத்தைப் பார்ப்பார், உதட்டைப் பார்ப்பார், வெறும் கையை நெஞ்சின்மேல் கொஞ்ச நேரம் வைப்பார். பெரிய கோளாறு என்றால் அங்கேயே பூனை உறுமுவதுபோல் கையில் தட்டுப்படும். அதற்கப்புறம்தான் ஸ்டெத். நெஞ்சில் நான்கு இடம், முதுகில் ஓர் இடம், கடிகாரத்தைப் பார்த்தபடி நிதானமாக. இதயம் லப் டப் என்று அடிக்கும்போது இரண்டுக்கும் நடுவில் அமைதி இருக்க வேண்டும். அந்த இடத்தில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் அதை மர்மர் என்போம். ரத்தம் போகக்கூடாத வழியில் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

பிள்ளைகளிடமும் ஒரு கேள்வி கேட்பார். "இந்த கிளாஸ்ல ஒப்புக்குச் சப்பாணி யாரு?" ஓடிப்பிடித்து விளையாடும்போது ஓட முடியாத பிள்ளையைச் சும்மா பேருக்குச் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா, அந்தப் பிள்ளை. வகுப்பே ஒரே பக்கம் கை நீட்டும். அந்தப் பிள்ளையை டாக்டர் இரண்டு தடவை பார்ப்பார். டீச்சருக்குத் தெரியாதது, பெற்றவளுக்குத் தெரியாதது, விளையாடுகிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு இதயத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். முதல் பாடமே மானம் போன பாடம். ஆரம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் சுவரை ஒட்டி இரும்புக்கம்பி உருட்டும் ஆலை. முதல் பிள்ளையின் நெஞ்சில் வைத்தேன், 'உம்ம்' என்று ஒரு சத்தம். எனக்கு ஒரே குஷி, வந்த மாதமே கண்டுபிடித்துவிட்டேன் என்று. இரண்டாவது பிள்ளைக்கும் 'உம்ம்'. மூன்றாவதுக்கும். ஏழாவது பிள்ளை வந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

"மேடம், இந்த கிளாஸ் மொத்தத்துக்கும் இருக்குது மேடம்" என்றேன்.

டாக்டர் எழுந்து வந்தார். ஸ்டெத்தை என்னிடமிருந்து வாங்கி, பிள்ளையின் நெஞ்சில் வைக்காமல் பெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"பெஞ்சுக்கும் இருக்கு ராணி. ரெஃபர் பண்ணிடலாமா?"

சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சு. ஆலையின் அதிர்வு சுவர் வழியாகப் பெஞ்சுக்கும், பெஞ்சு வழியாகப் பிள்ளைக்கும், பிள்ளை வழியாக என் காதுக்கும் வந்துகொண்டிருந்தது. வேனில் திரும்பி வரும்போது ஏழுமலை சிரித்த சிரிப்பில் வண்டி இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆனால் வழி சொன்னதும் அவர்தான். அந்த ஆலையில் அவருடைய மச்சான் வாட்ச்மேன். மத்தியானம் ஷிப்ட் மாறும்போது இருபது நிமிடம் எந்திரத்தை நிறுத்துவார்கள் என்று கேட்டுவந்தார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் எங்கள் அட்டவணை ஆலைகளின் ஷிப்டைப் பார்த்துத்தான். எடை, உயரம், பல் எல்லாம் சத்தத்தில் நடக்கும். இதயம் மட்டும் சத்தம் நின்ற பிறகு. ஏழுமலை வாசலில் நின்றுகொண்டு, "நின்னுடுச்சி, கேட்டுக்குங்க. டேய் நைனா, வாய மூடு" என்று பிள்ளைகளையும் அடக்குவார்.

கைக்குழந்தைகள் வேறு கதை. அங்கன்வாடியில் கைக்குழந்தை அழும், உதைக்கும், இதயம் குதிரை மாதிரி ஓடும். அதனால் டாக்டர் முதலில் தாயைத்தான் கேட்பார். பால் குடிக்கும்போது விட்டு விட்டுக் குடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, நெற்றி வேர்க்கிறதா. "நம்ம ஊரு வெயில்ல யாருக்குத்தான் மேடம் வேர்க்கல" என்று ஒருத்தி கேட்டாள். "ஒடம்பு இல்லம்மா. நெத்தி. அதுவும் பால் குடிக்கும்போது" என்றார். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் பெரிய உடலுழைப்பு. இதயம் சரியில்லாத குழந்தைக்கு அதிலேயே களைத்து நெற்றி நனைந்துவிடும். இந்தக் கேள்வியில் மாட்டிய குழந்தைகளில் சிலர் இப்போது சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போகிறார்கள், மணிகூட அடிப்பதில்லை.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

அதே ஆலைச் சுவர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. ஒப்புக்குச் சப்பாணி யார் என்று டாக்டர் கேட்டதும் எல்லாக் கையும் தர்ஷினி என்ற பெண்ணைக் காட்டியது. இரட்டைப் பின்னல், ஏழு வயதுக்கு எடை ரொம்பக் குறைவு. டாக்டர் நெஞ்சில் கை வைத்தார், வைத்தபடியே என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உறுமியது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வைத்தோம். வெளியிலிருந்து வந்த இதய நிபுணர் படத்தைப் பார்த்துவிட்டுத் தாயிடம் பொறுமையாகவே சொன்னார். கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை, பெரிது. ரத்தம் நுரையீரலுக்கு அளவுக்கு மீறிப் பாய்ந்து அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் அடைத்துவிட்டால் மற்ற பிள்ளைகள்போல் ஓடுவாள். தள்ளிப் போட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் அடைக்கவே முடியாது. பிறகு எந்த டாக்டரும் ஒன்றும் செய்வதற்கில்லை. தாய் கௌரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சென்னையில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக் கொடுத்தோம். அந்தத் தேதியில் வரவில்லை. இரண்டாவது தேதிக்கும் வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை டாக்டருக்குக் கூட்டம். நான் மட்டும் ஏழுமலையோடு ஆரம்பாக்கத்தில் கௌரியின் வீட்டைத் தேடிப் போனேன். ஏழுமலை வேனை நிழலில் விட்டுவிட்டுத் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். திட்டுவதற்குத் தயாராக வாய் நிறைய வைத்திருந்தேன். கௌரியோ சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

"வாங்க சிஸ்டர், குந்துங்க. நானே வர்லாம்னு இருந்தேன். பெரியபாளையம் போயி அம்மனுக்கு மொட்ட போட்டுக்கினு வந்தோம். இப்போ இருமல்கூட இல்ல. நீங்களே பாருங்க."

உள்ளேயிருந்து பெண்ணை அழைத்துவந்து உட்கார வைத்தாள். பளபளவென்று மொட்டை, தலை முழுக்கச் சந்தனம், பள்ளிச் சீருடை. நான் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். வட்டைச் சூடுபண்ணினேன். கையை வைத்தேன், உறுமவில்லை. ஸ்டெத்தை வைத்தேன். லப் டப். நான்கு இடமும் முதுகும் கேட்டேன். மறுபடி முதலிலிருந்து கேட்டேன். சுத்தமாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நானே ஆடி மாதம் தவறாமல் பெரியபாளையத்துக்குப் போகிறவள். சில ஓட்டைகள் தானாக மூடிக்கொள்ளும் என்று படித்தும் இருக்கிறேன். அம்மனும் படிப்பும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் நான் எம்மாத்திரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையில் என் மத்தியானத்துக்காக வைத்திருந்த கிரீம் பிஸ்கட் பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "பேரு சொல்லு கண்ணு" என்றேன். அவள் கௌரியைப் பார்த்தாள். "தர்ஷினி சிஸ்டர், கூச்சம் அதுக்கு" என்றாள் கௌரி. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளைப் பார்க்கிற எனக்கு முகம் மனதில் நிற்காது. அதுவும் பின்னல் போன முகம். பதிவேட்டில் 'இரைச்சல் இல்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க எங்க வச்சுக் கேட்டீங்க?"

'நீங்க' என்றதுமே நான் நிமிர்ந்து நின்றேன். "வீட்ல மேடம்."

"ஃபேன் ஓடிச்சா?"

"நிறுத்திட்டேன் மேடம்."

"எத்தன தடவ கேட்டீங்க?"

"ரெண்டு தடவ. அஞ்சு எடமும்."

பதிவேட்டில் நாலு மாதத்துக்கு முந்திய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அந்த சைஸ் ஓட்டை, இந்த வயசுல, நாலு மாசத்துல மூடாது. உங்க காது மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அப்போ காதுல தப்பு இல்ல. ஆளுலதான் தப்பு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஏழுமலை வாசலில் நின்று "நின்னுடுச்சி" என்றார். இரண்டாம் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு மொட்டை. மூன்றாவது பெஞ்சில் இன்னொரு மொட்டை. இரண்டிலும் சந்தனம் காய்ந்த தடம்.

"ரெண்டும் மாமா பொண்ணு, அத்தை பொண்ணு. பக்கத்துப் பக்கத்து வீடு. சேர்ந்து போய் மொட்டை போட்டுக்கிட்டு வந்திருக்குதுங்க" என்றார் டீச்சர்.

மூன்றாவது பெஞ்சுப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிஸ்கட் பழக்கம். அவள் பெயர் ஜனனி. இரண்டாவது பெஞ்சுப் பெண்ணின் நெஞ்சில் கை வைத்தேன். உறுமல் முன்னைவிடப் பலமாக இருந்தது.

"அன்னிக்கு நான் வந்தேனே, நீ எங்கடா கண்ணு இருந்த?" என்று கேட்டேன்.

"பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கினு இருந்தேன் சிஸ்டர்" என்றாள் தர்ஷினி பெருமையாக. "அம்மா மூச்சு உடாதன்னாங்க. நான் மூச்சே உடல."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. மூச்சு வாங்குகிற பிள்ளை கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறது, நான் முன்னறையில் அம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரம் கௌரி மேலா என் மேலா என்று தெரியவில்லை.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. பதிவேட்டில் நான் எழுதியதை அழிக்க விடவில்லை. குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு, 'வேறு குழந்தையைப் பரிசோதித்துவிட்டேன்' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் முகம் சுடும்.

கௌரி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பார்சல் கட்டும் வேலை செய்தாள். சாயங்கால ரயிலில் ஆரம்பாக்கம் வந்து இறங்குவாள். பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இறங்கியதும் என்னைப் பார்த்துவிட்டாள். ஓடவில்லை, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் டிபன் பை.

"அன்னிக்கு யாரக் காட்டின கௌரி?"

அவள் டிபன் பையைத் திறந்து மூடினாள்.

"அம்மன் மேல நெசமாவே நம்பிக்கை இருந்திருந்தா உன் பொண்ணத்தான காட்டியிருப்ப. ஜனனிய ஏன் காட்டின?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வார்டில் வருடக்கணக்காக வளர்த்த வாய், எங்கே குத்தினால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும். கௌரி டிபன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வந்து போகும்வரை அழுதாள்.

"இவளுக்கு முன்ன ஒரு பையன் இருந்தான் சிஸ்டர். உங்க நோட்டுல அவன் இல்ல. நாலு மாசம். சளின்னு கிளினிக்குக்குத் தூக்கிக்கினு போனோம். அங்கேர்ந்து பெரிய ஆஸ்பத்திரின்னாங்க. கதவத் தொறந்து உள்ள எடுத்துக்கினு போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சித் துணில சுத்திக் குடுத்துட்டாங்க. இவளையும் அந்த மாதிரி ஒரு கதவுக்குள்ள நான் எப்டி அனுப்புவேன்? நீங்க சொல்லுங்க."

நான் நினைக்காமலே, டாக்டர் தாய்களிடம் கேட்கும் அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டது.

"பையனுக்குப் பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமா. தொடச்சிக்கினே இருப்பேன். என் முந்தானையே நனைஞ்சிடும். உங்களுக்கு எப்டித் தெரியும்?"

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் பெரிய சண்டை. சொன்னால் இவள் தாங்குவாளா. சொல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள். இதற்கெல்லாம் எந்தப் பயிற்சியும் கிடையாது.

"நான் அவனப் பாத்ததில்ல, அதனால அடிச்சிச் சொல்ல முடியாது" என்றேன். "ஆனா அது வெறும் சளி இல்லன்னு தோணுது கௌரி. தர்ஷினிக்கு இருக்கிற மாதிரி அவனுக்கும் நெஞ்சுலதான் இருந்திருக்கும். அந்தக் கதவு அவன எடுத்துக்கல. அந்தக் கதவுக்குப் போய்ச் சேரவே லேட்டாயிடுச்சி. அதுக்கு முன்ன யாரும் அவன் நெஞ்சுல வச்சு ஒழுங்காக் கேக்கல."

வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாம் போய்ப் பிளாட்பாரம் காலியாகிவிட்டது.

"அப்போ என் தப்பா சிஸ்டர்?"

"இல்ல. உன்கிட்ட யாரும் சொல்லல. எப்படி உன் தப்பாகும்? இப்போ நான் சொல்லிட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வருவீங்களா? நான் தனியா அந்தக் கதவாண்ட நிக்க மாட்டேன்."

"வரேன்."

"வந்துட்டுப் போயிடக் கூடாது. அவ திரும்பி வர்ற வரிக்கும் நிக்கணும்."

டாக்டரிடம் விடுப்புக் கேட்டேன். "லீவு எதுக்கு, இதுதான் வேலை. போ" என்றார். கௌரி இன்னொரு வேண்டுதலும் வைத்திருந்தாள். பெண் பிழைத்து வந்தால் பெரியபாளையத்தில் வேப்பிலை ஆடை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக. அதைச் சொன்னால் டாக்டர் முகம் சுளிப்பாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "சுத்தட்டும். ஆபரேஷனுக்கும் அதுக்கும் சண்டையா என்ன?" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை தர்ஷினி சக்கர நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. கௌரி என் கையைப் பிடித்தாள். ஐந்து மணி நேரம் விடவில்லை. எனக்கு விரல் மரத்துப்போனது, பாத்ரூம் போகக்கூட வழியில்லை. நடுவில் ஏழுமலை இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அன்று அவருக்கு விடுமுறை. தன் செலவில் பஸ் ஏறி வந்திருக்கிறார். "நாஷ்டா துன்னாம நின்னா மட்டும் கதவு தொறந்துடுமா? ரெண்டு பேரும் துன்னுங்க" என்று அதட்டினார். காலையிலிருந்து தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்த கௌரியின் புருஷன் நின்றபடியே மூன்று இட்லி சாப்பிட்டார், என்ன சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கௌரி தொடவில்லை. நான் இடது கையால் சாப்பிட்டேன்.

மத்தியானம் தாண்டிக் கதவு திறந்தது. சர்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஓட்டையை அடைத்தாயிற்று, அழுத்தம் இறங்குகிறது, இனி ஐ.சி.யூ.வில் பார்த்துக்கொள்வோம் என்றார். கௌரிக்கு ஒன்றும் ஏறவில்லை. "உயிரோட இருக்காளா?" என்று மட்டும் கேட்டாள். "இருக்கா, நல்லா இருக்கா" என்றார் அவர். அப்போதுதான் என் கையை விட்டாள். விட்ட வேகத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். ஏழுமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு யாருக்கோ போன் பேசுவதுபோல் நின்றார். போன் காதில் தலைகீழாக இருந்தது.

மூன்றாம் நாள் வார்டில் போய்ப் பார்த்தேன். வாயிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தர்ஷினி கரகரத்த குரலில் முதலில் கேட்டது இது: "ஜனனிக்கு மட்டும் கிரீம் பிஸ்கட் குடுத்தீங்களாமே?"

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வந்தது. வீட்டுக்குப் போனால் பிள்ளையின் பெயரைத் தாயிடம் கேட்க மாட்டோம். பிள்ளையிடமே கேட்போம், கூடவே பக்கத்தில் உட்காருகிறவள் பெயரும் டீச்சர் பெயரும். வேறு வட்டாரத்துக் குழுக்கள் எங்களைப் பார்த்து, "என்ன, போலீஸ் விசாரணையா" என்று கேலி செய்தன. செய்யட்டும். மொட்டை போட்ட பிள்ளையைப் பார்த்தால் மட்டும் நான் இன்றைக்கும் இரண்டு தடவை பார்ப்பேன், பஸ்ஸில் போகும்போதுகூட.

மூன்று மாதம் கழித்து, மறு பரிசோதனைக்கு ஆரம்பாக்கத்தில் முகாம் போட்டோம். டாக்டரும் இருந்தார். நான் வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தபோது கௌரி வந்தாள். ஒரு கையில் தர்ஷினி, இன்னொரு கையில் ஜனனி. இரண்டு பேருக்கும் முடி ஒரே அளவு வளர்ந்து, முள்ளம்பன்றிக் குட்டிகள் மாதிரி நின்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் புதுச் சட்டை வேறு. வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தாளோ என்னவோ.

நான் பெயர் கேட்க வாயைத் திறந்தேன். கௌரி கேட்க விடவில்லை. ஒரு பெண்ணை என் முன்னால் நிறுத்தி, அவளே சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழுத்துக்குக் கீழிருந்து நெஞ்சு நடுவே நேராக ஒரு தழும்பு, இன்னும் ரோஜா நிறத்தில்.

"இன்னிக்கு என் பொண்ணத்தான் கொண்டாந்திருக்கேன் சிஸ்டர்" என்றாள். "நல்லாக் கேளுங்க."

வட்டைச் சூடுபண்ணி வைத்தேன். முதலில் கொஞ்ச நேரம் என் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் இதயம் கேட்டது. லப் டப், லப் டப், நடுவில் ஒன்றுமே இல்லை.